வரி கணக்கிடும் ஒரு ஃபங்ஷனைப் படிக்கத் தக்கதாக ஆக்கிய அனுபவம்

2021 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் நானும் உடன் பணியாற்றும் ஒருவரும் மட்டும் இருந்தோம். மறுநாள் முதல், ஜோடி ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள காலணிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர இருந்தது. துணிகளுக்கும் அதே உயர்வு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் உள்ள காலணி நிறுவனங்களும், குடியாத்தத்தில் லுங்கி விற்கும் சில கடைகளும் எங்கள் பில்லிங் மென்பொருளைப் பயன்படுத்தி வந்ததால், இரண்டு மாற்றங்களையும் பத்து நாட்களுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தோம். அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், துணிக்கான உயர்வை மட்டும் தள்ளிவைத்தது. காலணிக்கான உயர்வில் மாற்றம் இல்லை. ஆகவே நாங்கள் சேர்த்திருந்த இரண்டில் ஒன்றை மட்டும் இரவுக்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது.

எடுத்தோம், கையால் நான்கைந்து பில்கள் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம். ஜனவரி 4 அன்று ஆம்பூர் நிறுவனம் ஒன்றின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். அறுபது வயதைக் கடந்தவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைப்போம். "தம்பி, 799 ரூபா செருப்புக்கு 39 ரூபா 95 காசு வரி காட்டுது. 95 ரூபா 88 காசு வரணுமே? எல்லாத்துக்கும் இல்ல, டிஸ்கவுண்ட் போட்ட பில்லுக்கு மட்டும்தான் இப்படி" என்றார். மூன்று நாட்களில் அப்படி 47 பில்கள் போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் டெபிட் நோட்டு போட்டு, ஒவ்வொரு கடைக்காரரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிழை எங்களுடையது, அலைச்சல் அவருடையது. அந்த வருத்தம் இல்லாமல் இருந்திருந்தால், இங்கே நான் சொல்லப்போகும் வேலையைத் தொடங்கியிருப்பேனா என்பது ஐயம்தான்.

பிழையின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. வரியைக் கணக்கிடும் ஃபங்ஷன், அதாவது நிரலில் அந்த ஒரு வேலையைச் செய்யும் துண்டு, 340 வரிகள் கொண்டது. ஏழு அடுக்கு ஆழம் வரை ஒன்றுக்குள் ஒன்றாக இஃப் (இப்படி இருந்தால்) இருந்தது. தேதியைப் பார்க்கும் நிபந்தனைக்குள் துணியா என்று பார்க்கும் நிபந்தனையும், அதன் எல்ஸ் (இல்லையென்றால்) பகுதிக்குள் காலணியும், அதற்குள் தள்ளுபடியும் அமர்ந்திருந்தன. துணிக்கான பகுதியை எடுத்தபோது, தள்ளுபடி உள்ள காலணி பில்கள் மட்டும் நழுவி, 5 சதவீதம் என்று எழுதியிருந்த வெளி எல்ஸுக்குள் போய் விழுந்தன. அந்த எல்ஸ் 210 வரிகளுக்குக் கீழே இருந்தது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் எழுவாயை எவ்வளவு நேரம் மனத்தில் ஏந்திக்கொண்டு போக முடியும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். 210 வரிகளுக்கு அப்பால் முடியும் வாக்கியத்தை எவரும் எழுத மாட்டார்கள். நிரலில் மட்டும் அதை எழுதிவிடுகிறோம்.

முதலில் செய்தது அளவெடுத்தல். எங்கள் மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் ரேடான் என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். அந்த ஃபங்ஷனுக்கு அது கொடுத்த சைக்ளோமேட்டிக் எண், அதாவது சிக்கலின் அளவு, 58. ரேடான் இந்த எண்ணுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் பிரிக்கும்: 5 வரை ஏ, 10 வரை பி, 41ஐ எட்டிவிட்டால் எஃப். எங்கள் திட்டத்தில் எஃப் வாங்கிய ஒரே ஃபங்ஷன் அதுதான்.

இந்த எண்ணின் பின்னணியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பலர் கருவி சொல்லும் எண்ணைப் பார்க்கிறார்கள், அது எதை எண்ணுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. 1976ஆம் ஆண்டில் தாமஸ் மெக்கேப் முன்வைத்த அளவு இது. ஒரு ஃபங்ஷனின் ஓட்டத்தைச் சாலை வரைபடமாக வரைந்துகொள்ளுங்கள். நிரலின் துண்டுகள் ஊர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகள் சாலைகள். சாலைகளின் எண்ணிக்கையிலிருந்து ஊர்களின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். நடைமுறையில் இன்னும் எளிது: வழி பிரியும் ஒவ்வொரு முச்சந்திக்கும் ஒன்று, கடைசியில் மேலும் ஒன்று. இஃப்பும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார், வொயில் ஆகியவையும் முச்சந்திகள். ரேடான் நிபந்தனைக்குள் வரும் ஆண்ட் (மற்றும்), ஆர் (அல்லது) ஆகியவற்றையும் எண்ணிக்கொள்கிறது. ஒரு ஃபங்ஷனின் கிளைகளை ஒன்றையொன்று சாராத பாதைகளாகப் பிரித்துச் சோதிக்க எத்தனை டெஸ்ட் வேண்டும் என்பதையும் இதே எண் சொல்கிறது. 58 என்றால் 58 டெஸ்ட். எங்களிடம் இருந்தவை ஆறு.

மெக்கேப் பரிந்துரைத்த வரம்பு 10. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 1996இல் வெளியிட்ட அறிக்கை அந்தப் பத்தை ஏற்றுக்கொண்டதோடு இன்னொன்றையும் சொல்கிறது: ஒவ்வொரு பகுதியையும் ஒப்புக்கொண்ட வரம்புக்குள் வைத்திருங்கள், இல்லையென்றால் ஏன் மீறினீர்கள் என்று எழுத்தில் விளக்கம் வையுங்கள். பத்து என்ற எண்ணைவிட இந்த இரண்டாம் பாதிதான் எனக்குப் பிற்காலத்தில் அதிகம் உதவியது.

ஆனால் சைக்ளோமேட்டிக் எண் மட்டும் போதாது என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. ரேடான் பட்டியலின் மேற்பகுதியில், 19 என்ற எண்ணோடு, அளவு அலகுகளை மாற்றும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. தோல் ஷாப்புக்காரர்கள் (தோல் பதனிடுபவர்கள்) சதுர அடியில் கணக்குப் பார்ப்பார்கள். ஏற்றுமதிப் பத்திரங்களில் சதுர மீட்டர் வேண்டும். காலணி ஜோடியில் வரும். சில இடங்களில் டஜன். இந்த அலகா, இந்த எண்ணால் பெருக்கு என்று ஒரே மட்டத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்த அதை, புதிதாகச் சேர்ந்தவர்கூட அரை நிமிடத்தில் படித்துவிடுவார். மாறாக, 9 என்ற எண்ணோடு பி தரம் வாங்கி நல்ல பிள்ளையாக நின்ற வேறொரு ஃபங்ஷனை எங்களில் எவராலும் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அது ஐந்து அடுக்கு ஆழம் கொண்டது.

சோனார்சோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. ஆன் கேம்ப்பெல் உருவாக்கிய காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி என்ற அளவு இந்த வேறுபாட்டைப் பிடிக்கிறது. அதிலும் ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று உண்டு; ஆனால் அந்தக் கிளை எத்தனை அடுக்குக்குள் இருக்கிறதோ அத்தனை எண்கள் கூடுதலாகச் சேரும். ஐந்து இஃப்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் சைக்ளோமேட்டிக் 6, காக்னிட்டிவ் 5. அதே ஐந்தை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் சைக்ளோமேட்டிக் அதே 6தான். காக்னிட்டிவோ ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் ஐந்தும் சேர்ந்து 15. சோதிப்பவருக்கு இரண்டும் ஒரே வேலை, படிப்பவருக்கு மும்மடங்கு. சோனார் கருவிகளின் வழக்கமான வரம்பும் அந்த 15தான். ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றுக்கு அனுப்பும் ஸ்விட்ச் முழுவதற்கும் இந்த அளவில் ஒன்றுதான் சேரும் என்பதால், தட்டையாக எழுதப்பட்ட நீண்ட பட்டியல்கள் இங்கே தண்டிக்கப்படுவதில்லை.

1970களில் மாரிஸ் ஹால்ஸ்டெட் கொடுத்த அளவுகளும், அவற்றையும் வரிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து, நிரலைப் பராமரிப்பது எவ்வளவு எளிது என்று கணக்கிடும் மெயின்டெய்னபிலிட்டி இன்டெக்ஸும் ரேடானில் உள்ளன. அவற்றைச் சில வாரங்கள் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எண் குறைந்தால் நிரலின் எந்த வரியைத் திருத்துவது என்று அவை எனக்குக் காட்டவில்லை. மாறாக, நான் எளிதில் எடுத்த இன்னோர் அளவு மிகவும் பயன்பட்டது: நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் வரலாற்றிலிருந்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு கோப்பும் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கை. அதைச் சிக்கல் எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கையை வைக்க வேண்டிய இடங்கள் மூன்றே என்பது தெரிந்தது. பழைய பிரின்டர்களுக்காக எழுதிய ஒரு கோப்பில் 30ஐத் தாண்டிய ஃபங்ஷன் இருந்தது. நான்கு ஆண்டுகளாக எவரும் அதைத் திறக்கவில்லை. அதை இன்றுவரை நாங்கள் தொடவில்லை, தொடவும் மாட்டோம்.

அடுத்து நான் செய்தது தவறு. இந்தத் துறையில் பலரும் செய்யும் தவறு என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். 58 என்ற எண்ணைக் குறைப்பதையே நோக்கமாக வைத்துக்கொண்டு, 340 வரிகளை 31 சிறு ஃபங்ஷன்களாக நறுக்கினேன். மிக உயர்ந்தது 7. அந்தக் கோப்புக்கான ரேடான் அறிக்கை முழுவதும் ஏயும் பியுமாக மின்னியது. மூன்று வாரங்கள் கழித்து, இங்குள்ள கல்லூரி ஒன்றில் படிப்பு முடித்து எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம், பாதுகாப்புக் காலணிக்கு எங்கே வரி முடிவாகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இரண்டு நாட்கள் முயன்றார். மூன்றாம் நாள் வந்து, "அண்ணா, வரி விகிதம் நாலு ஃபங்ஷன்ல மாறுது. கடைசியா மாத்தினது யாருன்னு பிரின்ட் போட்டுப் பார்த்தாத்தான் தெரியுது" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. 31 ஃபங்ஷன்களும் ஒரே டிக்ஷனரியை (பெயரும் மதிப்புமாகத் தகவல்களை வைக்கும் பெட்டியை) கையில் வாங்கி, ஆளுக்கு ஒன்றை எழுதி, அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தன. முன்பு ஒரே பக்கத்தில் இருந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. 31 இடங்களுக்கு இழுத்து நீட்டியிருந்தேன். ஃபங்ஷன் ஃபங்ஷனாக அளக்கும் எந்தக் கருவிக்கும் ஃபங்ஷன்களுக்கு இடையே ஓடும் நூல் தெரியாது. பழைய நிரலை மேலிருந்து கீழாகவாவது படிக்க முடிந்தது, இதை அப்படியும் படிக்க முடியவில்லை. அந்த மாற்றம் முழுவதையும் திரும்ப எடுத்தோம். மூன்று வாரம் வீணாயிற்றே என்று அப்போது மனம் கனத்தது உண்மை.

அதன் பிறகுதான் ஆம்பூருக்குப் போனேன். பள்ளிகொண்டா, மாதனூர் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போனதன் நோக்கம் 47 பில்களுக்காக நேரில் வருத்தம் தெரிவிப்பது. திரும்பும்போது கையில் இருந்தது அந்த ஃபங்ஷனின் முழு வடிவம். மென்பொருள் இல்லாத நாளில் ஒரு பில்லுக்கு எப்படி வரி போடுவீர்கள் என்று பாயிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "மூணு கேள்விதான் தம்பி. பில்லு எந்தத் தேதி? ஜோடி என்ன விலை? சரக்கு நம்ம ஸ்டேட்டுக்கா, ஆந்திராவுக்கா? இதுல எங்க குழப்பம்?"

மூன்று கேள்விகள். எங்கள் ஃபங்ஷன் அதே மூன்று கேள்விகளைத்தான் ஐம்பத்தேழு இடங்களில் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும், கையில் கிடைத்த இடத்தில் ஓர் இஃப் செருகப்பட்டிருந்தது. ஆகவே நிபந்தனைகள் நின்ற வரிசை, அவை எங்களிடம் வந்து சேர்ந்த வரிசை. வரியின் விதி எப்படிப் போகிறது என்பதற்கும் அந்த வரிசைக்கும் தொடர்பே இல்லை. பாய் தன் பேரேட்டின் பின் அட்டையில் விகிதங்களை நான்கு கட்டமாக எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே என் நோட்டில் எழுதியதுதான் பிறகு நிரலில் இந்த அட்டவணையாக உட்கார்ந்தது:

தொடங்கும் நாள் | ஜோடி விலை வரம்பு | வரம்பு வரை | வரம்புக்கு மேல்
2017 ஜூலை 1 | 500 ரூபாய் | 5% | 18%
2018 ஜூலை 27 | 1000 ரூபாய் | 5% | 18%
2022 ஜனவரி 1 | 1000 ரூபாய் | 12% | 18%

பில் தேதிக்கு முன்போ அன்றோ தொடங்கும் வரிசைகளில் கடைசியானதை எடு. விலை வரம்புக்குள் இருந்தால் முதல் விகிதம், இல்லையென்றால் இரண்டாவது. இதைச் செய்யும் ஃபங்ஷன் பதினோரு வரி, அதன் சைக்ளோமேட்டிக் எண் 3. துணிக்கும் தோலுக்கும் தனித்தனி அட்டவணைகள்; ஆகவே ஒன்றைத் தள்ளிவைப்பது மற்றொன்றைத் தொடாது. மூன்றாவது கேள்விக்கு இன்னொரு சிறு ஃபங்ஷன்: விற்பவர், வாங்குபவர் இருவரின் மாநிலக் குறியீடும் தமிழ்நாட்டின் 33 என்றால் வரியை மத்திய, மாநில வரிகளாகச் சரிபாதி பிரி, சித்தூர்க் கடைக்காரரின் 37 போன்று வேறு எண் வந்தால் முழுவதும் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரி. இந்த இரண்டு ஃபங்ஷன்களும் ஒன்றை ஒன்று அறியாதவை. தேவையானதை வாங்கி, விடையைத் திருப்பிக் கொடுப்பவை. எவருடைய டிக்ஷனரியிலும் கை வைக்காதவை.

வண்டிக் கூலி நான்காவதாக ஒளிந்திருந்தது. அது வரியே அல்ல. ஆனாலும் வரி கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் குடியிருந்தது. வாடிக்கையாளர் முகவரியில் உள்ள மாவட்டப் பெயரைப் பார்த்துக் கூலியை முடிவு செய்யும் அந்தப் பகுதியில், நம் மாவட்டத்தின் வரலாறே ஆர் போட்டு எழுதப்பட்டிருந்தது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. எஞ்சிய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் பிறகு வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பழைய லெட்டர்ஹெட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் வ.ஆ. என்றும், வட ஆற்காடு என்றும், வேலூர் என்றும், புதியவர்கள் திருப்பத்தூர் என்றும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் ஓர் ஆர். ஓர் ஆருக்கு ஓர் எண். இவ்வாறு ஒரே நிபந்தனை வரியில் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. ஆம்பூர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் காட்பாடியிலிருந்து அதன் தூரம் மாறப்போவதில்லை. பின்கோடைக் கொண்டு கூலி மண்டலம் சொல்லும் ஓர் அட்டவணையை வைத்துவிட்டு, மாவட்டப் பெயர்களை முழுவதுமாக நீக்கினோம்.

இவ்வளவையும் அச்சமில்லாமல் செய்ய முடிந்ததற்குக் காரணம், நிரலில் ஒரு வரியை மாற்றுவதற்கு முன்பே செய்துவைத்த ஓர் ஏற்பாடு. வாடிக்கையாளர்களின் ஒப்புதலோடு 2017 ஜூலை முதலான பழைய பில்களை, பெயர்களை நீக்கிவிட்டு, வாங்கிக்கொண்டோம். ஏறத்தாழ நாற்பதாயிரம் பில்கள். ஒவ்வொரு பில்லையும் பழைய ஃபங்ஷனிலும் புதியதிலும் ஓட்டி, காசு வரை ஒப்பிடும் ஒரு சிறு நிரல். பழையது சரியா தவறா என்று அது கேட்காது, இரண்டும் ஒன்றா என்று மட்டும் கேட்கும். ரீஃபேக்டரிங் (விடையை மாற்றாமல் நிரலின் வடிவத்தை மட்டும் மாற்றுவது) செய்ய விரும்புகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு ஆலோசனைதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: வலையைக் கட்டிவிட்டுக் கயிற்றில் ஏறுங்கள்.

அந்த ஒப்பீட்டில் வேறுபாடுகள் வந்தன. பெரும்பாலானவை காசை முழுமையாக்கும் இடம் வேறுபட்டதால் வந்தவை. அவற்றைப் பழையபடியே சரிசெய்தோம். ஒன்று மட்டும் வேறு வகை. விலை வரம்பை ஒப்பிடும்போது தள்ளுபடிக்கு முந்தைய விலையை எடுப்பதா, பிந்தையதை எடுப்பதா என்பதில் பழைய ஃபங்ஷனின் இரு கிளைகள் தமக்குள்ளேயே முரண்பட்டன. 340 வரிகளாக இருந்தவரை இந்த முரண்பாடு எவர் கண்ணிலும் படவில்லை. படிக்க முடியாத நிரலால் வரும் உண்மையான கேடு இது என்று நினைக்கிறேன்: பிழை ஒளிந்துகொள்ள அங்கே இடம் இருக்கிறது. எது சரி என்பதை முடிவு செய்வது நிரல் எழுதுபவரின் வேலை அல்ல என்பதால் முதலில் பழைய நடத்தையை அப்படியே புதிய நிரலில் வைத்தோம். ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் விடை வாங்கிய பிறகு, தனியொரு கமிட்டாக (கிட்டில் ஒரே பதிவாக) அதைத் திருத்தினோம். வடிவத்தை மாற்றுவதும் விடையை மாற்றுவதும் ஒரே கமிட்டில் கலந்தால், பிறகு எது எதனால் வந்தது என்று எவராலும் பிரிக்க இயலாது.

எந்த அளவுக்கும் தெரியாத, ஆனால் படிப்பவருக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவிய ஒன்றையும் சொல்லவேண்டும். அது பெயர். பழைய நிரலில் கியூடிஒய்1, கியூடிஒய்2 என்று இரண்டு மாறிகள் இருந்தன. முதலாவது காலணி ஜோடிகளின் எண்ணிக்கை. இரண்டாவது தோலின் சதுர அடி. அவற்றை ஜோடி என்றும் சதுர அடி என்றும் மாற்றினோம். சிக்கல் எண் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் மறுவாரமே, ஜோடியைச் சதுர அடி விலையால் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் இடத்தை அந்தப் பெண் கண்டுபிடித்தார். பெயர் மாறியிருக்காவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது. தொழிலில் இருப்பவர்கள் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதையே வைப்பது என்று அன்று முடிவு செய்தோம். குரோமில் பதனிட்ட ஈரத் தோலை வெட் ப்ளூ என்று தோல் ஷாப்பில் சொல்வதை நிரலில் முதல்நிலைத் தோல் என்று எவரும் எழுதவேண்டாம். நிபந்தனைகளுக்கும் அப்படியே பெயர் வைத்தோம். ஆண்ட் என்ற சொல் மூன்று முறை வரும் ஒரு நீண்ட இஃப்பைப் படிப்பதைவிட, வெளிமாநில விற்பனையா என்ற ஒரே சொல்லைப் படிப்பது எளிது. வரி இல்லாதது இல்லை என்பது போன்ற இரட்டை எதிர்மறைகளைக் கண்ட இடத்தில் எல்லாம் நேராக்கினோம். பேச்சில் இல்லாமல் இல்லை என்று சொன்னால் கேட்பவர் ஒரு நொடி நின்று யோசிப்பார்; நிரலில் அந்த ஒரு நொடியில்தான் பிழை நுழைகிறது.

ஆழத்தைக் குறைக்க நாங்கள் அதிகம் பயன்படுத்தியது மிகவும் எளிய வழி. தகுதியில்லாதவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்புவது: பில் ரத்தானதா, பூஜ்யம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறு, வாடிக்கையாளர் குறியீடு இல்லையா, பிழை சொல்லிவிட்டு வெளியேறு. இவை முன்னால் முடிந்துவிட்டால், முதன்மையான வேலை இடது ஓரத்திலேயே நேராக ஓடும். முன்னே சொன்ன அந்த 9 எண் கொண்ட ஃபங்ஷனில் இதை மட்டும்தான் செய்தோம். சைக்ளோமேட்டிக் 9ஆகவே இருந்தது. காக்னிட்டிவ் 24இலிருந்து 8க்கு வந்தது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் விதி இப்படி: புதிய ஃபங்ஷன் எதுவும் சைக்ளோமேட்டிக் 10ஐத் தாண்டக்கூடாது, பழைய ஃபங்ஷனைத் தொட்டால், தொடுவதற்கு முன் இருந்த எண்ணைவிட உயரக்கூடாது, தாண்டத்தான் வேண்டும் என்றால் ஏன் என்று ஃபங்ஷனின் தலையில் இரண்டு வரி எழுதவேண்டும். ரேடானை அடிப்படையாகக் கொண்ட ஜெனான் என்ற கருவி ஒவ்வொரு கமிட்டிலும் 10 என்ற வரம்பைப் பார்த்துக்கொள்கிறது. ஈ-வே பில் (சரக்கை அனுப்பும்போது எடுக்கும் ஆவணம்) பகுதியில் 14 எண் கொண்ட ஒரு ஃபங்ஷன் அப்படி விளக்கத்தோடு நிற்கிறது. அங்கே விதியே அத்தனை கிளைகள் கொண்டது. அதைப் பிரித்தால் விதிப் பத்திரத்தோடு பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட முடியாமல் போகும். அதைக் குறைக்க ஒருவர் நிபந்தனைகளை எல்லாம் லாம்டாக்களாக (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்களாக) மாற்றி ஓர் டிக்ஷனரிக்குள் அடைத்து 4 ஆக்கிக் கொண்டுவந்தார். எண்ணைப் பார்த்தால் நல்ல மாற்றம், படித்தால் முன்பைவிடக் கடினம். ஏற்கவில்லை.

இப்படி எண் குறைந்தும் படிக்கக் கடினமாக இருப்பதைக் கண்டுபிடிக்க, ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் பார்க்கும் ரிவ்யூவில் எங்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எழுதியவர் அல்லாத ஒருவர், ஃபங்ஷனை வாய்விட்டுத் தமிழில் சொல்லவேண்டும். பில் தேதி அன்று நடப்பில் இருந்த வரிசையை எடு, ஜோடி விலை வரம்புக்குள் இருந்தால் இந்த விகிதம் என்று தடையில்லாமல் வந்தால் சரி. சொல்பவர் நிறுத்தி, திரையை மேலே தள்ளி, இது என்ன என்று பார்க்கப் போகும் இடத்தில் ஒரு குறி போடுவோம். பத்து நிமிட வேலை. கருவி பிடிக்காத பெயர்களையும், ஒளிந்து மாறும் மதிப்புகளையும் இந்த வாசிப்பு பிடித்துவிடுகிறது. தொடக்கத்தில் சிலர் கூச்சப்பட்டார்கள். இரண்டு மாதங்களில் பழகிவிட்டது.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் மீண்டும் காலணி வரியை மாற்றியது. ஜோடி 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. செப்டம்பர் 22 முதல் நடைமுறை. அந்தப் பெண்தான் இப்போது வரிப் பகுதிக்குப் பொறுப்பு. அட்டவணையில் நான்காவது வரிசையைச் சேர்த்து, 1800 ரூபாய்ச் செருப்பு ஒன்றுக்கு 21ஆம் தேதி 18 சதவீதமும் 22ஆம் தேதி 5 சதவீதமும் வருகிறதா என்ற டெஸ்டை எழுதி, நாற்பதாயிரம் பில்களையும் ஒருமுறை ஓட்டி, மாலை நான்கு மணிக்குள் முடித்துவிட்டார். தேதி அட்டவணைக்குள்ளேயே இருப்பதால் இரண்டு வாரங்களுக்கு முன்பே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிட முடிந்தது.

அக்டோபரில் பாய் அழைத்தார். ஆகஸ்டில் விற்ற சரக்கில் ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது, கிரெடிட் நோட்டு பழைய விகிதத்தில் போடவேண்டும், அதற்கு மென்பொருளில் ஏதாவது மாற்றவேண்டுமா என்று கேட்டார். மூல பில்லின் எண்ணைக் கொடுங்கள், அந்தத் தேதியின் விகிதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும் என்றேன். அவர் அங்கே தட்டும் சத்தம் கேட்டது. "18 வந்துடுச்சு தம்பி" என்றார்.